உப்பு தின்ற ஜிபிஎஸ்: திறந்தது, மீட்டது, மாற்றியது

பகலில் வேலை செய்யும், பொழுது சாய்ந்தால் அணைந்துவிடும். பாம்பன் தெற்குவாடியிலிருந்து ஒரு நாட்டுப்படகுச் சம்மாட்டி (படகு உரிமையாளர்) கொண்டுவந்த கையடக்க ஜிபிஎஸ்ஸின் கோளாறு ஆரம்பத்தில் இப்படித்தான் இருந்திருக்கிறது. செல்லை மாற்றிப் பார்த்திருக்கிறார், தட்டிப் பார்த்திருக்கிறார், வெயிலில் காயவைத்தால் மறுபடி உயிர் வந்திருக்கிறது. கடைசியில் பகலிலும் எழுந்திருக்கவில்லை. வெளியூர் சர்வீஸ் சென்டர் ஒன்றுக்குக் கொடுத்தனுப்பினார். திறந்துகூடப் பார்க்காமல், "இந்த மாடலை நிறுத்தி ரொம்ப வருஷமாச்சு, புதுசு வாங்கிக்கச் சொல்லுங்க" என்று பதில் வந்தது.

புதிது வாங்குவது அவருக்குப் பெரிய விஷயம் இல்லை. "மெசினு போனாப் போகட்டும் தம்பி. உள்ள இருக்க பாயிண்டு போயிரக் கூடாது" என்றார்.

பாயிண்ட் என்றால் என்னவென்று கடற்கரையில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். கடலுக்கடியில் பாறைத் திட்டு இருக்கும் இடத்தை இங்கே பார் என்போம். கலவாயும் விளமீனும் அங்கேதான் கூடும். அந்தக் காலத்தில் கரையில் தெரியும் கலங்கரை விளக்கம், கோபுரம், பனங்கூட்டம் இவற்றில் இரண்டிரண்டை நேர்கோட்டில் வைத்துப் பார்த்து அந்த இடத்தைப் பிடிப்பார்கள். ஜிபிஎஸ் வந்த பிறகு, பாருக்கு மேலே படகு நிற்கும்போது ஒரு பட்டனை அழுத்தினால் போதும், இடம் பதிவாகிவிடும். 2000 மே மாதம் வரை அமெரிக்கா பொதுமக்களுக்கான சிக்னலில் வேண்டுமென்றே பிழை கலந்து அனுப்பிக்கொண்டிருந்தது, நூறு மீட்டர் அளவுக்குத் தப்பு காட்டும். அதை நிறுத்திய பிறகு பத்து மீட்டர் அளவுக்குத் துல்லியம் வந்தது. சின்னப் பாரைத் தேடிப் போகிறவனுக்கு அந்த வித்தியாசம் ஒரு நாள் மீன்பாட்டுக்கு, அதாவது ஒரு நாள் பிடிக்கும் மீனுக்குச் சமம்.

பார் மட்டுமல்ல. வலை மாட்டிக் கிழிந்த இடங்கள், மன்னார் வளைகுடாத் தீவுகளுக்கு நடுவே தட்டாமல் போகும் வழி, இதற்கு மேல் போகக் கூடாது என்று எல்லைக் கோட்டுக்கு இந்தப் பக்கமாகத் தானே வைத்துக்கொண்ட குறி, எல்லாம் அதில் இருந்தன. இந்தியாவும் இலங்கையும் 1974-இலும் 1976-இலும் ஒப்பந்தம் போட்டு வகுத்த கோடு தண்ணீரில் தெரியாது. படகில் இருப்பவனுக்கு அது திரையில் மட்டும்தான் தெரியும். தீவுகளும் அப்படித்தான்: 21 தீவுகளும் அவற்றைச் சுற்றிய கடலும் 1986 முதல் தேசியப் பூங்கா. ஆக, அந்தக் கருவிக்குள் இருந்தது ஒரு மனிதர் பல வருஷம் கடலில் அலைந்து சேர்த்த அறிவு. பெட்டி தயாரித்தவருடையதாக இருக்கலாம், உள்ளே இருப்பது இவருடையது. அதை எடுத்துத் தருவதுதான் முதல் வேலை, கருவியை ஓடவைப்பது இரண்டாவது என்று முடிவு செய்துகொண்டு உட்கார்ந்தேன்.

பின்பக்கம் ஆறு ஸ்க்ரூ, சாதாரண நட்சத்திரத் தலை. இந்தக் கருவியை வடிவமைத்தவரை எனக்கு நேரில் தெரியாது, ஆனாலும் அந்த ஸ்க்ரூவைப் பார்த்ததுமே மரியாதை வந்தது. பசை போட்டு ஒட்டவில்லை, தனி ஸ்க்ரூடிரைவர் கேட்கவில்லை. உடலின் இரண்டு பாதிகளுக்கு நடுவே கறுப்பு ரப்பர் கேஸ்கெட் ஒன்று ஓடுகிறது. அதில் ஒரு மூலை இறுகி, வெடித்து, கையால் தொட்டால் பொடியாக உதிர்ந்தது. தண்ணீர் நுழைந்த வாசல் அதுதான்.

உள்ளே போர்டு பார்க்க அவ்வளவு மோசமாக இல்லை. செல் வைக்கும் ஸ்பிரிங்கைச் சுற்றி வெள்ளைப் பொடி. அது கசிந்த செல்லின் காரம். அதற்கு வினிகரை பஞ்சில் தொட்டுத் தடவினால் நுரைத்துக்கொண்டு விடும், அப்புறம் ஈரத் துணியால் துடைத்துவிடலாம். பவர் பகுதியில், போர்டின் ஓரத்தில், பாசி பிடித்த மாதிரி ஒரு பச்சைக் கோடு. அது உப்பு செம்பைத் தின்ற அடையாளம். லென்ஸ் வைத்துப் பார்த்தால் பச்சைக்கு நடுவே கண்ணுக்குத் தெரியாத அளவு உப்புக் கட்டிகள் மின்னின.

பகலில் ஓடி இரவில் அணைந்ததற்கான காரணம் அந்தக் கட்டிகள்தான். உப்பு காய்ந்திருக்கும்போது மின்சாரத்தைக் கடத்தாது. ஆனால் காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானாகவே ஈரத்தை இழுத்துக் கரையத் தொடங்கும். கடலுப்பில் மெக்னீசியம் குளோரைடும் கலந்திருப்பதால் அது இன்னும் குறைந்த ஈரத்திலேயே நசநசக்கும். நம் கடற்கரையில் ராத்திரி ஈரம் எவ்வளவு என்று உப்பு ஜாடியைத் திறந்து பார்க்கிற எல்லோருக்கும் தெரியும். பகல் வெயிலில் காயும், இரவில் ஈரமாகி, போர்டில் கரண்ட் ஓடும் செம்புத் தடங்களுக்கு நடுவே கள்ளத்தனமாகக் கரண்ட் பாயும், பாயும்போதே செம்பைக் கரைத்துக்கொண்டு போகும். இந்த மாவட்டத்தில் டிவி ரிமோட், இன்வெர்ட்டர், சோலார் விளக்கு எதை எடுத்தாலும் பகலில் ஓடி இரவில் மக்கர் பண்ணுகிறது என்று யாராவது சொன்னால் நான் முதலில் உப்பைத்தான் தேடுவேன்.

சரி, உப்பு என்றால் கழுவ வேண்டியதுதானே? இங்கேதான் ஒரு சிக்கல். இந்தப் பழைய வகைக் கருவியில் பாயிண்டுகள் இருக்கும் நினைவுச் சில்லுக்கு எப்போதும் கரண்ட் வேண்டும். பெரிய செல்கள் தீர்ந்தாலும் அதைத் தாங்கிப் பிடிக்க, போர்டிலேயே ஒரு சின்ன காயின் செல் சால்டர் செய்து வைத்திருக்கிறார்கள். அதைக் கழற்றினால் அத்தனை பாயிண்டும் போய்விடும். கழற்றாமல் தண்ணீரில் கழுவினால், கரண்ட் உள்ள போர்டு உப்புத் தண்ணீரில் நனைந்து, மிச்சம் இருக்கும் தடங்களையும் அரித்துவிடும். மீட்டரை வைத்தேன்: 2.8 வோல்ட். உயிர் இருக்கிறது.

அதனால் போர்டை முழுதாகக் கழுவும் எண்ணத்தைத் தள்ளிவைத்தேன். பவர் வரும் வழியை மட்டும், தண்ணீர் இல்லாமல், ஐபிஏ (ஐசோபுரோப்பைல் ஆல்கஹால்) தொட்ட பழைய பல் பிரஷ்ஷால் சுத்தம் செய்தேன். செல்போன் சர்வீஸ் கடைகளில் வைத்திருக்கும் அதே ஆல்கஹால்தான். 99 சதவீதம் என்று எழுதியிருப்பதை வாங்க வேண்டும், மருந்துக்கடை ஸ்பிரிட்டில் தண்ணீர் அதிகம். உப்பு ஆல்கஹாலில் நன்றாகக் கரையாது, அதனால் தேய்த்து எடுத்து, பஞ்சில் ஒற்றி, மறுபடி தேய்த்து என்று பொறுமையாகச் செய்ய வேண்டியிருக்கிறது. தின்னர் பக்கம் போகவே கூடாது, திரையின் பிளாஸ்டிக் வெளுத்துவிடும்.

இரண்டு பென்டார்ச் செல் போட்டு அளந்தேன். ஸ்பிரிங்கில் 3.1 வோல்ட் வருகிறது. அங்கிருந்து வோல்ட்டை ஏற்றிக் கொடுக்கும் காயிலுக்குப் போகும்போது, பவர் பட்டனை அழுத்தினால் அரை வோல்ட்டுக்குக் கீழே விழுகிறது. இடையில் இருப்பது அந்தப் பச்சைக் கோடு மட்டும். பிளேடு முனையால் மேல்பூச்சைச் சுரண்டினேன். தடம் இருக்க வேண்டிய இடத்தில் பச்சைப் பொடிதான் இருந்தது. இரண்டு பக்கமும் பளிச்சென்று செம்பு தெரியும் வரை சுரண்டி, ஈயம் பிடிக்க உதவும் ஃப்ளக்ஸ் தடவி, ஈயம் பூசி, எனாமல் ஒயரின் ஒற்றை இழையை வளைத்துப் பாலம் போட்டேன். கை நடுங்காமல் இருந்தால் போதும், இதற்குப் பெரிய மெஷின் எதுவும் வேண்டாம்.

பட்டனை அழுத்தியதும் திரையில் கறுப்புப் புள்ளிகள் பரவி, செயற்கைக்கோள் தேடும் பக்கம் வந்தது. கடையில் கடல் ஓசை 90.4 ஓடிக்கொண்டிருந்தது, அதை அணைத்துவிட்டுப் பாயிண்ட் பட்டியலைத் திறந்தேன். வரிசையாக வந்தன. ஆங்கில எழுத்தில் சுருக்கிச் சுருக்கி வைத்த பேர்கள்: ஒன்றில் ஒரு தீவின் பேர், ஒன்றில் மீனின் பேர், ஒன்றில் பிள்ளையின் பேர். சம்மாட்டிக்கு போன் போட்டு "இருக்குண்ணே" என்று மட்டும் சொன்னேன்.

அடுத்தது அவற்றை வெளியே எடுப்பது. கருவியின் பின்னால் வட்டமான ஒரு சாக்கெட், நான்கு பின். அதற்கான கேபிள் எங்கேயும் கிடைக்கவில்லை. மீட்டர் இருந்தால் நான்கு பின்களையும் கண்டுபிடித்துவிடலாம். செல்லின் மைனஸோடு நேரடியாகச் சேருவது கிரவுண்ட். கருவி ஓடும்போது, கிரவுண்டோடு ஒப்பிட்டால் மைனஸ் 5 வோல்ட் சுமாருக்குக் காட்டுவது தகவல் வெளியேறும் பின். மிச்சம் இரண்டில் ஒன்று வெளியிலிருந்து மின்சாரம் வாங்குவது, போர்டில் அதன் தடம் தடிமனாக, ஒரு டயோடுக்குப் போகிறது. இன்னொன்று தகவல் உள்ளே போவது. அந்த மைனஸ் வோல்ட்டைக் கவனிக்க வேண்டும். இப்போது மலிவாகக் கிடைக்கும் சின்ன யுஎஸ்பி சீரியல் போர்டுகள் 0-க்கும் 5-க்கும் நடுவில்தான் பேசும், அவற்றை இதில் நேராக மாட்டக் கூடாது. ஒன்பது பின் கனெக்டர் உள்ள பழைய பாணி யுஎஸ்பி சீரியல் கேபிள்தான் இதற்குச் சரி.

கம்ப்யூட்டர் பக்கம் ஜிபிஎஸ்பேபல் என்ற கட்டற்ற மென்பொருள். எத்தனையோ வகை ஜிபிஎஸ் கருவிகள் பேசும் முறையை, அவற்றில் பல கடையை விட்டே மறைந்த பிறகும், யார் யாரோ உட்கார்ந்து எழுதி அதில் சேர்த்து வைத்திருக்கிறார்கள். காசு கிடையாது, மூல நிரல் திறந்தே இருக்கிறது. தயாரித்த நிறுவனம் தந்த பழைய சிடி இன்றைய கம்ப்யூட்டரில் ஏறவே இல்லை. இந்த மென்பொருள் ஒரே கட்டளையில் எல்லாப் பாயிண்டையும் இழுத்து ஜிபிஎக்ஸ் கோப்பாக எழுதிவிட்டது. ஜிபிஎக்ஸ் வெறும் எழுத்துக் கோப்பு, நோட்பேடில் திறந்தாலும் பேரும் இடமும் கண்ணுக்குத் தெரியும். இருபது வருஷம் கழித்து எந்தக் கம்பெனி இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதைப் படிக்கலாம்.

இந்த இடத்தில் பழுது பார்க்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பார் இருக்கும் இடம் குடும்ப ரகசியம். அண்ணன் தம்பிக்கே சொல்லாதவர்கள் உண்டு. கோப்பை அவருடைய மெமரி கார்டில் ஏற்றி, அவர் முன்னாலேயே என் கம்ப்யூட்டரிலிருந்து அழித்தேன். அவர் கேட்கவில்லை, ஆனால் அவர் முகத்தில் அந்தக் கேள்வி இருந்தது. நம் கையில் பொருளைக் கொடுக்கிறவர் அதற்குள் இருப்பதையும் நம்பித்தான் கொடுக்கிறார்.

அவருடைய மகன் அதை போனிலும் ஏற்றிக்கொண்டான், ஓஸ்ம்அண்ட் என்ற வரைபடச் செயலியில். அது இணையம் இல்லாமலும் ஓடும். ஏற்றும்போது ஒன்றை மட்டும் அவனுக்குத் திரும்பத் திரும்பச் சொன்னேன். கருவியின் திரை பாகையும் நிமிடமுமாகக் காட்டுகிறது: 9 பாகை 15.5 நிமிடம் என்பது போல. ஜிபிஎக்ஸில் அது 9.2583 பாகை என்று இருக்கும், நிமிடத்தை 60-ஆல் வகுத்துச் சேர்க்க வேண்டும். கோப்பாக மாற்றினால் மென்பொருளே பார்த்துக்கொள்ளும். ஆனால் அவசரத்துக்குக் கையால் எழுதி 9.155 என்று அடித்துவிட்டால் பதினொரு கிலோமீட்டருக்கும் மேல் தள்ளிப்போகும். தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்கே சுமார் 30 கிலோமீட்டர்தான். இந்தக் கடலில் பதினொரு கிலோமீட்டர் தப்பு என்றால் மறுநாள் செய்தியில் பேர் வரலாம்.

பாயிண்ட் பத்திரமான பிறகு எனக்குக் கை அவிழ்ந்தது. காயின் செல்லைக் கழற்றினேன். திரையைப் பிரித்துத் தனியே வைத்தேன், அதன் அடுக்குகளுக்குள் தண்ணீர் போனால் வராது. போர்டை பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரில் ஊறவைத்து, பிரஷ்ஷால் தேய்த்து, தண்ணீரை மாற்றி மாற்றிக் கழுவினேன். உப்பை எடுக்கத் தண்ணீரைவிட்டால் வேறு வழி கிடையாது. கடைசியாக ஐபிஏவில் அலசினால் தண்ணீர் சந்துபொந்துகளிலிருந்து வெளியே வந்துவிடும். அப்புறம் ஒரு குண்டு பல்புக்குக் கீழே, கை பொறுக்கும் சூட்டில், ராத்திரி முழுக்கக் காய வைத்தேன்.

பழைய நிலைக்குக் கொண்டுவந்ததோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் திறந்த பொருளை நம் கடலுக்கு ஏற்ற மாதிரி மாற்றவும் முடியும் என்னும்போது அப்படியே மூட மனம் வரவில்லை.

முதல் மாற்றம் காயின் செல். ஏற்கெனவே இருந்தது சார்ஜ் ஏறும் வகை, காலோடு சேர்த்து சால்டர் செய்தது. ராமநாதபுரத்தில் எந்தக் கடையிலும் இல்லை. அதே அளவில் பெட்டிக்கடையில்கூடக் கிடைக்கும் சிஆர்2032 சார்ஜ் ஏறாத வகை. சார்ஜ் வரும் இடத்தில் அதை நேராக வைத்தால் ஊதும், வெடிக்கவும் வாய்ப்பு உண்டு. அதனால் நடுவில் ஒரு ஷாட்கி டயோடு போட்டேன்: செல்லிலிருந்து போர்டுக்குக் கரண்ட் போகும், போர்டிலிருந்து செல்லுக்குத் திரும்பாது. டயோடில் விழும் வோல்ட் மிகக் கொஞ்சம், நினைவைத் தாங்க அது ஒன்றும் குறையில்லை. செல்லை சால்டர் செய்யாமல் ஹோல்டரில் வைத்து, பேட்டரி அறைக்குப் பக்கத்தில் இருந்த காலி இடத்தில் ஒட்டினேன். இனி அது தீர்ந்தால், பெரிய செல்கள் உள்ளே இருக்கும்போதே சின்னதை மாற்றிக்கொள்ளலாம், நினைவு அழியாது. என்னிடம் வர வேண்டியதில்லை.

இரண்டாவது, மின்சாரம். கடலில் இரண்டு செல் ஒரு ராத்திரியைத் தாண்டுவதே பாடு, ஈரக் கையோடு மூடியைத் திறந்து மாற்றும்போதுதான் உப்புத் தண்ணீர் உள்ளே போகிறது. படகில் விளக்குக்கு 12 வோல்ட் பேட்டரி இருக்கத்தான் செய்கிறது. கருவியின் வெளி உள்ளீடு 10 முதல் 32 வோல்ட் வரை ஏற்கும் என்று கையேட்டிலேயே இருக்கிறது. வோல்ட்டைக் குறைக்கும் தனி போர்டுகூட வேண்டாம். கிடைக்காத அந்த வட்டச் சாக்கெட்டை எடுத்துவிட்டு, அதே ஓட்டையில் கேபிளைத் தண்ணீர் புகாமல் இறுக்கிப் பிடிக்கும் கேபிள் கிளாண்ட் ஒன்றை வைத்து, நான்கு கோர் கேபிளை உள்ளேயே சால்டர் செய்து வெளியே கொண்டுவந்தேன். பவர் ஒயரில், பேட்டரிக்குப் பக்கத்து முனையில், 1 ஆம்பியர் ஃப்யூஸ். ஃப்யூஸைக் கருவி பக்கம் வைத்தால் நடுவில் ஒயர் தேய்ந்து ஷார்ட் ஆனால் காப்பாற்றாது, படகில் டீசல் இருக்கிறது. தகவல் ஒயர்கள் சாதாரண ஒன்பது பின் கனெக்டரில் முடிகின்றன, வாய்க்கு ரப்பர் மூடி.

படகு வேலையில் ஒயர் முனைதான் முதலில் சாகும். செம்பு இழைகளுக்கு நடுவே உப்புத் தண்ணீர் ஏறி, உறைக்குள்ளேயே கையளவு தூரம் கறுத்துப்போயிருக்கும். வெளியே பார்த்தால் புது ஒயர். முனைகளை ஈயத்தில் முக்கி எடுத்து, உள்ளே பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் (சூடு பட்டால் சுருங்கும் குழாய்) போட்டுச் சுட்டுவிட்டால் தண்ணீர் ஏற வழியில்லை.

அடுத்தது பூச்சு. போர்டுக்கு அடிக்கும் அக்ரிலிக் வார்னிஷ் ஸ்ப்ரே கிடைக்கிறது, மெல்லியதாக இரண்டு தரம் அடித்தேன். பட்டன் தொடும் கறுப்பு வட்டங்கள், திரையின் கனெக்டர், ஸ்பிரிங் எல்லாவற்றையும் டேப்பால் மறைத்த பிறகுதான் அடிக்க வேண்டும். நகப் பாலிஷ் தடவுகிறவர்கள் இருக்கிறார்கள். ஒரு புள்ளி, இரண்டு புள்ளிக்கு அவசரத்துக்குச் சரி, பெரிய இடத்தில் காய்ந்து வெடித்துவிடும்.

சீல் செய்யும்போது இந்த ஊர்ப் பக்கம் நிறையப் பேர் செய்யும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பாத்ரூம் கண்ணாடிக்குப் பூசும் சிலிகானை எடுத்து எலெக்ட்ரானிக்ஸில் அப்பிவிடுகிறார்கள். திறந்ததும் வினிகர் வாசம் அடித்தால் அதை வைக்கவே கூடாது. காயும்போது அது விடும் அசிட்டிக் அமிலம் மூடிய பெட்டிக்குள் தங்கி, செம்பைப் பச்சையாக்கும். வாசம் இல்லாத நியூட்ரல் சிலிகான் என்று கேட்டு வாங்க வேண்டும். விலை கொஞ்சம்தான் கூட. கேஸ்கெட்டுக்கு ரப்பர் ஷீட்டை அளவாக வெட்டி, சிலிகான் கிரீஸ் தடவி வைத்தேன். பசை போட்டு நிரந்தரமாக மூடவில்லை. நாளைக்கு இன்னொருவர் திறக்க வேண்டுமே.

மூடி, கடை வாசலில் திறந்த வானத்துக்குக் கீழே வைத்தேன். நினைவு அழிந்த கருவி முதல் முறை வானத்திலிருந்து செயற்கைக்கோள் பட்டியலை முழுதாக வாங்க 12.5 நிமிடம் ஆகும். அதற்குள் கெட்டுப்போய்விட்டது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. இடத்தைச் சரியாகப் பிடித்தது. பாயிண்டுகளைத் திருப்பி ஏற்றினேன்.

சரிசெய்ய முடியாமல் ஒன்று மிச்சம் நிற்கிறது: தேதி. ஜிபிஎஸ் சிக்னலில் வாரத்தின் எண்ணை 10 பிட்டில் அனுப்புகிறார்கள். 0 முதல் 1,023 வரை எண்ணிவிட்டு மறுபடி 0-க்குத் திரும்பும், கிட்டத்தட்ட இருபது வருஷத்துக்கு ஒரு தடவை. 1980 ஜனவரியில் தொடங்கிய எண்ணிக்கை 1999 ஆகஸ்டிலும் 2019 ஏப்ரலிலும் அப்படித் திரும்பியது. இரண்டாவது திருப்பத்துக்கு இந்தக் கருவியின் மென்பொருளில் ஏற்பாடு இல்லை. 2025 ஜூன் 11-ஐ அது 2005 அக்டோபர் 26 என்று காட்டும். முழு வாரங்களாகப் பின்னால் போவதால் கிழமை மட்டும் சரியாக வரும், இரண்டு நாளும் புதன்தான். இடம் காட்டுவதில் பாதிப்பு இல்லை. ஆனால் இதில் நிலா பார்க்கும் பக்கம் ஒன்று உண்டு. 2025 ஜூன் 11 பௌர்ணமி. கருவியின் கணக்கில் அன்று தேய்பிறையில் பாதி நிலா! நீரோட்டத்தை நிலாவை வைத்துக் கணக்குப் போடும் ஊரில் இது சின்னத் தப்பு இல்லை. சம்மாட்டிக்கு நாள்காட்டி மனப்பாடம், அவர் ஏமாற மாட்டார். புதிதாகக் கடலுக்கு வரும் பையன் நம்பிவிடுவான்.

திருத்தம் என்னவென்று எனக்குத் தெரியும்: தேதியோடு 1,024 வாரத்தைக் கூட்ட வேண்டும், அவ்வளவுதான். ஸ்க்ரூ திறந்தது, போர்டு இடம் கொடுத்தது, ஒயரும் டயோடும் என் பேச்சைக் கேட்டன. மென்பொருள் மட்டும் பூட்டிக் கிடக்கிறது. எழுதியவர்கள் விட்டுவிட்டுப் போய்விட்டார்கள், வேறு யாரும் கை வைக்கவும் வழியில்லை. இதே மாதிரிக் கோளாறு, ஜிபிஎஸ்ஸிலிருந்து நேரம் வாங்கும் ஜிபிஎஸ்டி என்ற கட்டற்ற மென்பொருளுக்கும் வந்தது. ஒரு கணக்குப் பிழையால் 2021 அக்டோபர் 24 அன்று அது தேதியை 1,024 வாரம் பின்னுக்குத் தள்ளி 2002 மார்ச்சுக்குக் கொண்டுபோயிருக்கும். நிரல் எல்லோர் கண்ணுக்கும் திறந்திருந்ததால் அந்த நாள் வருவதற்கு முன்பே பிழை பிடிபட்டு, திருத்திய பதிப்பும் வந்துவிட்டது. கோளாறு இரண்டுக்கும் ஒன்றுதான், ஒன்றைத் திருத்த ஆள் இருந்தது, இன்னொன்றைத் திருத்த அனுமதி இல்லை. தயாரிப்பதை நிறுத்தும் நாளிலாவது நிரலைத் திறந்துவிட வேண்டும் என்று சட்டம் வந்தால் நான் முதல் ஆளாகக் கை தட்டுவேன்.

நம் ஊரில் பழுது பார்ப்பது புதிதாகக் கற்றுத்தர வேண்டிய கலை இல்லை. வயலில் தண்ணீர் இறைக்கச் செய்த டீசல் இன்ஜினில் நீளத் தண்டு மாட்டிப் படகை ஓட்டிய கடற்கரை இது. லாரியில் ஓடிய இன்ஜின் விசைப்படகில் ஏறி கடல் பார்த்திருக்கிறது. விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் 61 நாள் தடைக்காலம் வந்தால் மண்டபத்திலும் ராமேஸ்வரத்திலும் ஏறிய படகுகளைச் சுற்றி இன்ஜின் பிரிப்பதும் பலகை மாற்றுவதுமாகத்தான் இருக்கும். யாரிடமும் அனுமதி கேட்பதில்லை. எலெக்ட்ரானிக்ஸ் என்று வந்தவுடன் மட்டும் அதே மனிதர்கள் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார்கள் என்றால், அவர்களுக்குத் திறமை இல்லை என்று அர்த்தம் இல்லை. வரைபடமும் உதிரியும் நிரலும் அவர்கள் கைக்கு வராதபடி வைத்திருக்கிறார்கள்.

இந்தப் பக்கம் கொஞ்சம் அசைவு இருக்கத்தான் செய்கிறது. 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்கு எதிராக உத்தரவிட்டது, உதிரி பாகங்களையும் கோளாறு கண்டறியும் கருவிகளையும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்கவிடாமல் வைத்திருந்ததற்காக. 2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை பழுது நீக்கும் உரிமைக்கு ஒரு குழு போட்டது, அந்த வருஷம் டிசம்பரில் இணையதளமும் வந்தது. முதலில் எடுத்துக்கொண்ட துறைகள் நான்கு: விவசாயக் கருவிகள், செல்போன்களும் டேப்லெட்டுகளும், வீட்டு உபயோகப் பொருள்கள், வாகனங்கள். விவசாயியின் டிராக்டர் அதில் இருப்பது சந்தோஷம். மீனவரின் ஜிபிஎஸ்ஸும், ஆழம் காட்டும் எக்கோ சவுண்டரும், படகுகள் பேசிக்கொள்ளும் விஎச்எஃப் ரேடியோவும் அதே வரிசையில் ஏற வேண்டும். நடுக்கடலில் அவை நின்றால் தள்ளிக்கொண்டு ஓரமாக நிறுத்த முடியாது.

கருவி இப்போது தென்கடலில் (மன்னார் வளைகுடாப் பக்கம்) ஓடிக்கொண்டிருக்கிறது. கொடுக்கும்போது ஒயர் நிறங்களை ஒரு தாளில் எழுதி, லேமினேட் செய்து, செல் மூடிக்கு உள்பக்கம் ஒட்டிக் கொடுத்தேன். இதே வகைக் கருவி வைத்திருக்கிறவர்களுக்கும் உதவும் என்பதால் அதை இங்கேயும் வைக்கிறேன். நிறம் நான் வைத்தது, உங்கள் கருவியில் பின்களை மீட்டரால் உறுதி செய்துகொண்டு இணைக்கவும்.

சிவப்பு: 12 வோல்ட் பிளஸ், ஃப்யூஸ் வழியாக. கறுப்பு: கிரவுண்ட், பேட்டரி மைனஸுக்கும் ஒன்பது பின் கனெக்டரின் 5-ஆம் பின்னுக்கும். வெள்ளை: கருவியிலிருந்து வெளியேறும் தகவல், 2-ஆம் பின்னுக்கு. பச்சை: கருவிக்குள் போகும் தகவல், 3-ஆம் பின்னுக்கு. பாயிண்ட் இறக்கும்போது கருவியின் செட்டிங்கில் அதன் சொந்த முறையைத் தேர்ந்தெடுத்து வேகம் 9,600 வைக்கவும். எக்கோ சவுண்டரோடு இணைப்பதாக இருந்தால் என்எம்இஏ (கடல் கருவிகள் தங்களுக்குள் பேசும் பொது முறை) என்று மாற்றி 4,800 வைக்கவும். வாடைக்காற்று தொடங்கும் முன் ஒரு தரம் திறந்து, கேஸ்கெட்டுக்கு கிரீஸ் தடவி, காயின் செல்லை அளக்கவும். 2.6-க்குக் கீழே வந்திருந்தால் மாற்றிவிடவும், மாற்றுவதற்கு முன் பாயிண்டுகளை இறக்கி வைக்கவும்.